மூலகம், மூலக்கூறு, மூலம்: 31 புள்ளிக்குப் பின்னால் இருப்பது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை நானும் மாற்றிவிட்டேன். அவருடைய மூத்த மகள் தரம் 11, தமிழ்மூலம். இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 68, விஞ்ஞானத்துக்கு 31. இத்தனைக்கும் விஞ்ஞானத்துக்கு மட்டும் இரண்டு இடங்களில் தனியார் வகுப்பு. இரவு பதினொரு மணிவரை பாடமாக்குகிறாள். வரைவிலக்கணம் எதைக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிக்கிறாள். வினாத்தாளைக் கண்டதும் எல்லாம் போய்விடுகிறதாம்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதும் தகப்பனார், "வர்த்தகம் படிக்கட்டும், பிழைத்துக்கொள்வாள்" என்கிறார். லண்டனில் இருக்கும் மாமா, "தமிழில் விஞ்ஞானம் படித்து என்ன பயன், ஆங்கிலமூலத்துக்கு மாற்றுங்கள்" என்று வாரந்தோறும் தொலைபேசியில் சொல்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல்தான் என்று நிற்கிறாள். இதற்கிடையில் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டுக் குளியலறையில் 'பரிசோதனை' செய்திருக்கிறாள்: துணி வெளுக்கும் திரவத்தையும் கழிவறை கழுவும் திரவத்தையும் ஒரே வாளியில் ஊற்றி, இருமி இருமிக் கண் சிவந்து வெளியே ஓடிவந்திருக்கிறாள். அன்று முதல் வீட்டில் பரிசோதனைக்குத் தடை.

தாயின் கேள்விகள்: மொழிமூலத்தை மாற்றலாமா? மூன்றாவது வகுப்பு ஒன்று போடலாமா? விஞ்ஞானத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்க முடியுமா? உண்மையில் இந்தப் பிள்ளைக்கு விஞ்ஞானம் ஏறுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்த மிக நல்ல காரியம், விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பியது. இருபது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு மாணவர் ஆலோசனைக்கு வந்தவன் நான். புள்ளியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போய்விட்டது. பிழையைப் பார்க்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உங்கள் மகளின் பிழைகள் சுவாரசியமானவை. விஞ்ஞானம் ஏறாத பிள்ளையின் பிழைகள் இப்படி இருப்பதில்லை.

விடைத்தாளில் கண்டது

சோடியத்தின் அணுவெண் 11, திணிவெண் 23. நியூத்திரன்கள் எத்தனை, இலத்திரன் நிலையமைப்பு என்ன என்று ஒரு வினா. 12 என்றும் 2, 8, 1 என்றும் எழுதி முழுப் புள்ளி எடுத்திருக்கிறாள். அதே வினாவின் அடுத்த பகுதி: சோடியம் அயனுக்கு நேர் ஏற்றம் வருவது ஏன்? "ஏனெனில் அது உலோகம்" என்று எழுதியிருக்கிறாள். வெளியோட்டில் இருக்கும் அந்த ஓர் இலத்திரன் போய்விட்டால் மிஞ்சுவது 11 புரோத்தன், 10 இலத்திரன். ஒரு நேர் ஏற்றம் மேலதிகமாக நிற்கிறது. கணிதத்துக்கு 68 எடுத்த பிள்ளைக்கு 11இலிருந்து 10ஐக் கழிப்பது கடினமல்ல. அது கழிக்க வேண்டிய இடம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. 'அணு' கொப்பியில் ஒரு பக்கம், 'அயன்' இன்னொரு பக்கம். இரண்டையும் தனித்தனியே பாடமாக்கியிருக்கிறாள்.

அடுத்தது பிரசாரணம், அதாவது மென்சவ்வு ஒன்றின் ஊடாக, செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு நீர் போவது. பங்கூடுபுகவிடும் மென்சவ்வு, நீர் மூலக்கூறுகள், செறிவு என்று மூன்று வரி வரைவிலக்கணம், அச்சடித்தது போல. அதற்குக் கீழேயே, காய்ந்த முந்திரிகைப் பழத்தை நீரில் போட்டால் பருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். விடை எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. பாயாசத்தில் பருத்த பழத்தை அவள் சாப்பிடாதவளா? மேலே தான் எழுதிய மூன்று வரிகள் அந்தப் பழத்தைப் பற்றியவை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன? "இரவில்." இது அவளுடைய தனிப் பிழையல்ல, ஊர்ப் பிழை, படித்த பெரியவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தாவரம் 24 மணிநேரமும் சுவாசிக்கிறது, நம்மைப் போலவே ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. பகல் வெளிச்சத்தில் ஒளித்தொகுப்பு அதைவிட வேகமாக நடப்பதால் மொத்தக் கணக்கில் ஒட்சிசன் வெளியே வருவதாகத் தெரிகிறது. வரவு செலவை விடக் கூடிய மாதத்திலும் செலவு நடந்துகொண்டுதான் இருக்கும். கணக்கு எழுதும் உங்கள் கணவர் இதை என்னைவிட நன்றாக மகளுக்கு விளக்குவார்.

இனி நான் சற்று நேரம் நிறுத்திப் பார்த்த பிழை. "நீர் ஒரு மூலகம்" என்று எழுதியிருக்கிறாள். மூலக்கூறு என்று எழுத வந்தவள். எங்கள் பாடநூலில் மூலகம் என்பது ஒரே வகை அணுக்களால் ஆன பொருள். மூலக்கூறு என்பது அணுக்கள் சேர்ந்த மிகச் சிறிய அலகு. மூலம் என்பது அமிலத்தை நடுநிலையாக்குவது. மூல் என்பது துணிக்கைகளை எண்ணும் அளவு. நான்கும் 'மூ'வில் தொடங்கி, முக்கால்வாசி ஒரே எழுத்துகளோடு ஓடுகின்றன. போதாக்குறைக்கு வீட்டில் தாத்தாவுக்கு மூலம் என்றால் அது வேறு சங்கதி. இந்த நான்கு சொற்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் எழுதச் சொல்லுங்கள். கம்பியில் உள்ள செம்பு மூலகம். தண்ணீரில் இரண்டு ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்த துணிக்கை மூலக்கூறு. வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு மூலம். மூலுக்கு 18 கிராம் தண்ணீர், அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி.

ஒரே தமிழ், இரண்டு அகராதி

பலதேர்வு வினா ஒன்றில் நிறையின் அலகு கிலோகிராம் என்று தெரிவு செய்திருக்கிறாள். இன்னோர் இடத்தில் 'செல்' என்று எழுதி, ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு 'கலம்' என்று திருத்தியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பிள்ளை தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறாள்.

அதில் தவறில்லை. நன்றாக விளக்கும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் இலங்கையில் தாய்மொழியில் விஞ்ஞானம் மேல்வகுப்புகளுக்கு வந்தபோது இங்கே தனியாகக் கலைச்சொற்கள் ஆக்கினார்கள். அங்கே வேறாக ஆக்கினார்கள். நமது மூலகம் அங்கே தனிமம். சேர்வை அங்கே சேர்மம், இழையம் திசு, நொதியம் நொதி, பிரசாரணம் சவ்வூடு பரவல், ஒட்சிசன் ஆக்சிஜன். இவற்றால் பெரிய ஆபத்தில்லை. வேறு சொல் என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். ஆபத்து, ஒரே சொல் இரண்டு பொருளில் வரும் இடங்களில் இருக்கிறது. நமது பாடநூலில் திணிவு கிலோகிராமில், நிறை நியூற்றனில். அங்கே நிறைதான் கிலோகிராமில். நியூற்றனில் அளப்பது எடை. நமக்கு அமிலத்துக்கு எதிரானது மூலம், அதில் நீரில் கரையக்கூடியது காரம். அவர்களுக்கு மூலத்தின் பெயரே காரம். காணொளியில் சரியாகக் கற்றுக்கொண்ட பிள்ளை, அந்தச் சரியான அறிவினாலேயே இங்கே புள்ளியை இழக்கிறாள்.

காணொளியை நிறுத்த வேண்டாம். ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் போடச் சொல்லுங்கள்: நமது பாடநூல் சொல், காணொளிச் சொல், ஆங்கிலச் சொல். கேட்கக் கேட்க நிரப்பட்டும். பரீட்சையில் எழுதுவது முதல் நிரலை மட்டும். 'செல்' என்று எழுதியதற்குப் புள்ளி குறைத்தது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். கருத்து சரியென்றால் குறைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். விடைத்தாளோடு போய் ஆசிரியையிடம் மரியாதையாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள், ஆனால் ஒரு புள்ளிக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம்.

உங்கள் மூன்று யோசனைகள்

ஆங்கிலமூலம்: இப்போது வேண்டாம். தரம் 11இன் நடுவில் நிற்கிறாள், பரீட்சை விண்ணப்பத்திலேயே மொழிமூலம் குறிக்கப்படுகிறது, மாற்றுவதென்றால் பாடசாலை அதிபரோடு பேசித்தான் ஆக வேண்டும். அதையெல்லாம் செய்தாலும், சோடியம் அயனுக்கு ஏன் நேர் ஏற்றம் என்பது ஆங்கிலத்தில் தானாக விளங்கிவிடாது. பாடமாக்கும் பழக்கம் மொழி மாறினாலும் கூடவே போகும். லண்டன் மாமா சொல்வதில் ஒரு பாதி உண்மை உண்டு: மருத்துவமோ விஞ்ஞானமோ, பல்கலைக்கழகத்தில் படிப்பு ஆங்கிலத்தில்தான். அதற்கு அந்த மூன்றாவது நிரல் இப்போதைக்குப் போதும். தமிழில் விஞ்ஞானம் படித்துப் பயனில்லை என்ற மற்றப் பாதிக்கு, 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கினார் என்பதை அடுத்த அழைப்பில் மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது வகுப்பு: இல்லை. இருப்பதில் ஒன்றைக் குறைக்கலாமா என்றுகூடக் கேட்பேன். இரண்டு வகுப்பிலும் குறிப்புக் கொடுக்கிறார்கள், அவள் குறிப்பைப் பாடமாக்குகிறாள், மூன்றாவது இடத்திலும் அதுவே நடக்கும். மிஞ்சும் மாலைநேரத்தில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, பிழையான விடை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஏன் பிழை' என்று ஒரு வரி எழுதட்டும். மாதக் கட்டணம் மிச்சம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

விஞ்ஞானத்தை விடுவது: முடியாது. சாதாரண தரத்தில் அது கட்டாய பாடம்; தெரிவுக்கு இடமுள்ளவை மூன்று தொகுதிப் பாடங்கள் மட்டுமே. 35 எடுத்தால் சாதாரண சித்தி, 50 எடுத்தால் 'சி'. இன்றைய 31 சித்தி எல்லைக்கு நான்கு புள்ளி கீழே. உயர்தரத்தில் உயிரியல் படிக்க 'சி' தேவை, ஆகவே அவளுடைய உண்மையான தூரம் 19 புள்ளி. நான் மேலே எடுத்துக்காட்டியது போன்ற பிழைகளைக் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தாளிலேயே ஏறக்குறைய 15 புள்ளி அவற்றில் போயிருக்கிறது. உயர்தரத் துறை பெறுபேறு வந்த பிறகு முடிவாகும் விடயம். வர்த்தகம் நல்ல துறைதான், ஆனால் அதை இப்போது தண்டனை போலச் சொல்லிக்கொண்டிருந்தால் அவளுக்கு வர்த்தகமும் வெறுத்துப்போகும்.

வாளியில் நடந்தது

இதைப் பற்றி நீங்கள் ஒரு பந்தி மட்டும் எழுதியிருந்தீர்கள். எனக்கோ கடிதத்தில் மிகவும் பயந்த இடம் இதுதான். துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. கழிவறை திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளியேறும். முதலாம் உலகப்போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்கள் மீது திறந்துவிடப்பட்ட அதே வாயு. அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது, தரையோடு தங்கும். மகள் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கக்கூடாத இடம் அதுதான். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அங்கேயே அமிலமாகிறது. இருமல் அதனால்தான்.

"தண்ணீர் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டேன்" என்கிறீர்கள். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் வாளியைத் தொடவே வேண்டாம். ஆட்களை வெளியே எடுங்கள், போகிற வழியில் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சில் இறுக்கமோ இருந்தால் 1990ஐ அழையுங்கள். கட்டணமில்லாத அம்புலன்ஸ் வரும். சில மணிநேரம் கழித்தும் மூச்சுச் சிரமம் கூடலாம், ஆகவே 'இருமல் நின்றுவிட்டது' என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுவதே நல்லது. வெளுக்கும் திரவத்தோடு அமோனியா உள்ள எதையும் கலப்பதும் ஆபத்து. கணவர் கடையிலிருந்து அமிலம் கொண்டுவரும் பழக்கம் இருந்தால், அதை ஒருபோதும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம்.

ஆனால் அந்த இருமலுக்குள் ஒரு பாடமும் இருக்கிறது. அவளைத் திணறடித்த குளோரீன் ஒரு மூலகம். சோடியம் இன்னொரு மூலகம்; நீர் பட்டால் தீப்பற்றும் என்பதால் ஆய்வுகூடத்தில் எண்ணெய்க்குள் வைத்திருப்பார்கள். ஒன்று நஞ்சு, மற்றது நெருப்பு. இரண்டும் சேர்ந்து உண்டாகும் சேர்வையைத்தான் நீங்கள் தினமும் கறிக்குப் போடுகிறீர்கள். சேர்வையின் இயல்பு அதன் மூலகங்களின் இயல்பு அல்ல என்று பாடநூலில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை உங்கள் மகளைப் போல மூக்கால் அறிந்த மாணவர் வேறு யாரும் அவள் வகுப்பில் இருக்கமாட்டார்கள்.

அடுப்படியில் செய்யக்கூடியவை

தடையை நீக்குங்கள், நிபந்தனையோடு. சாப்பிடக்கூடிய பொருட்கள் மட்டும், குளியலறை அலுமாரி பூட்டியபடி. சுண்ணாம்பும் சவர்க்காரமும் மட்டும் விதிவிலக்கு. அவற்றைத் தொட்டால் கை கழுவ வேண்டும், கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது.

ஆலாத்தித் தட்டிலிருந்து தொடங்கலாம். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு போட்டதும் அது குருதிச் சிவப்பாவதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் மூலத்தில் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். அதாவது பாசிச்சாயத்தின் வேலையை அது செய்கிறது. வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைப் பூசிக் காயவைத்து, கீற்றுகளாக வெட்டட்டும். ஒன்றில் சுண்ணாம்பு நீர், ஒன்றில் சவர்க்கார நீர், ஒன்றில் அப்பச்சோடாக் கரைசல், ஒன்றில் தேசிக்காய்ச் சாறு. சுண்ணாம்பில் கடும் சிவப்பு வரும், அப்பச்சோடாவில் மங்கலாகத்தான் வரும். ஏன் மங்கல் என்று கேளுங்கள். வன்மூலம், மென்மூலம் என்ற சொற்கள் அப்போது தேவைப்படும். பிறகு சிவந்த கீற்றில் தேசிக்காய்ச் சாற்றைத் துளித் துளியாக விடச் சொல்லுங்கள். சிவப்பு பின்வாங்கி மஞ்சள் திரும்பும் அந்தக் கணத்துக்கு நடுநிலையாக்கல் என்று பெயர்.

பிரசாரணத்துக்கு உருளைக்கிழங்கு. ஒரே நீளத்தில் இரண்டு துண்டு, ஐந்து சென்ரிமீற்றர் என்று அளந்து வெட்டி, ஒன்றை வெறும் நீரிலும் ஒன்றைக் கடும் உப்பு நீரிலும் சில மணிநேரம் போடட்டும். வெறும் நீரில் கிடந்தது விறைத்து நிற்கும். உப்பு நீரில் கிடந்தது துவண்டு, நீளமும் சற்றுக் குறைந்திருக்கும். அளந்து எழுத வேண்டும், கண்மட்டம் கூடாது. காலிமுகத்திடலில் உப்பும் தூளும் போட்ட அன்னாசித் துண்டு ஏன் தண்ணீர் விடுகிறது என்பதற்கும் இதுவே விடை. ஆஸ்பத்திரியில் வெறும் நீரை நாளத்தில் ஏற்றாமல் 0.9 சதவீத உப்புக் கரைசலை ஏற்றுவதற்கும் இதுவே: வெறும் நீர் ஏறினால் செங்குருதிக் கலங்கள் நீரை இழுத்துப் பருத்து வெடிக்கும். அவித்த கிழங்கில் இதே பரிசோதனையைச் செய்தால் என்னவாகும் என்று ஒரு கேள்வியை மட்டும் விடுங்கள், விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்.

நொதியத்துக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வாய் வெறும் சோற்றை விழுங்காமல் இரண்டு மூன்று நிமிடம் மென்றால் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை மோற்றோசு என்ற வெல்லமாக உடைக்கிறது. இறைச்சிக்குப் பப்பாசிக்காய் சேர்ப்பீர்களானால், அது ஏன் மெதுமையாகிறது என்பதும் இதே அத்தியாயம்தான்.

ஒரு சனிக்கிழமை அவளைத் தகப்பனாரின் கடைக்கும் அனுப்பிப் பாருங்கள். எதையும் தொடாமல் லேபிள்களை மட்டும் வாசிக்கட்டும். எரிசோடா, துருசு, சுண்ணாம்பு, அமிலம் என்று பாதி இரசாயனப் பாடம் அந்த அலுமாரிகளில் நிற்கும். தகப்பனும் மகளும் விஞ்ஞானத்தைப் பற்றிச் சண்டையில்லாமல் பேசக்கூடிய இடம் உங்கள் வீட்டில் இப்போது வேறெதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: சோடியத்துக்கு 'எஸ்' வராமல் ஏன் 'என்ஏ' என்று மகள் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை என்று. இலத்தீனில் அதன் பெயர் நேற்றியம்; குறியீடு அதிலிருந்து வந்தது. இரும்பின் 'எஃப்ஈ' அதே மொழியின் பெர்ரம். பொற்றாசியத்துக்கு ஏன் 'கே' என்று அடுத்ததாகக் கேட்பாள். அதை அவளே தேடிக் கண்டுபிடித்து, மூன்று நிரல் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கட்டும்.